மீன்காரி மகள் மீனை விட்ட கதை

நான் மீன் சாப்பிடுவதில்லை என்று சொன்னால், எங்கள் ஊர்க்காரர்கள் நான் அவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டதுபோலப் பார்ப்பார்கள். நாகர்கோவில்காரர்கள் நான் எதிலிருந்தோ தப்பித்துக் கரையேறிவிட்டதுபோலப் பார்ப்பார்கள். முதல் பார்வை எரிச்சலைத் தரும். இரண்டாவது பார்வைக்கு எனக்கு இன்றைக்கும் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் பிறந்தேன். அம்மா மீன் விற்றவள். நாத்தம் என்று சொல்லி பஸ்ஸில் ஏற்ற மறுக்கும் கண்டக்டர்களோடு மல்லுக்கட்டி ஏறி, நாகர்கோவில் தெருக்களில் அயிலையும் சாளையும் கூவி விற்றுத்தான் என்னை நர்ஸுக்குப் படிக்கவைத்தாள். படித்து முடித்து அந்த ஊரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

உடம்பைக் கெடுத்தது மீன் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஷிப்டு முடிந்து வந்து பரோட்டாவும் பொரித்த இறைச்சியும், நடுவில் பேக்கரி பப்ஸ், சீனி போட்ட சாயா, தூக்கமில்லாத உடம்பு. சுனாமி கழிந்து சில வருஷங்கள் ஆனபோது எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது. டாக்டர் மாத்திரை எழுதினார். மாத்திரையைத் தவறாமல் போட்டேன். சாப்பாட்டையும் மாற்றினேன். பேக்கரி நின்றது. சாயாவில் சீனி நின்றது. காலையில் சிறுபயறும் ஒரு மட்டி வாழைப்பழமும், மத்தியானம் கொஞ்சம் சம்பா அரிசிச் சோறும் நிறைய தேங்காய் போட்டு வதக்காமல் வேகவைத்த கீரைத் துவரனும், இருட்டுவதற்குள் ராத்திரிச் சாப்பாடு. டூட்டி எப்படி இருந்தாலும் ஒரு நடை.

அந்த வருஷம் தவக்காலத்தில் எல்லோரையும்போல இறைச்சியை விட்டேன். மீனையும் பாலையும்கூட விட்டுப் பார்த்தேன். உடம்பு லேசாக இருந்தது. ஈஸ்டர் வந்தது, திரும்ப ஆரம்பிக்கத் தோன்றவில்லை. இதற்குமேல் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

ஈஸ்டர் மத்தியானம் அம்மா வைத்த மீன்குழம்பை நான் தொடாமல் இருந்ததும் வீட்டில் இடி விழுந்தது.

"ஏட்டி, உனக்கு என்ன பிடிச்சிருக்கு? கடலு போட்ட சோறுட்டி இது!"

"எனக்கு வேண்டாம்மா. இப்பிடி இருக்கது உடம்புக்கு நல்லாருக்கு."

"அப்போ நாங்க தின்னுகது நல்லதில்லியா?"

"நான் அப்பிடிச் சொன்னேனா?"

"வாயால சொல்லணுமா? படிச்சி டவுனுக்குப் போனா எல்லாவளும் இப்பிடித்தான்."

சட்டியை எடுத்துக்கொண்டு போய் அடுக்களையில் டங்கென்று வைத்தாள். மாதக்கணக்கில் இதே சண்டை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. என் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று நான் சொல்ல முடியாவிட்டால் பிறகு எதைத்தான் சொல்ல முடியும்?

அந்தச் சமயத்தில்தான் நாகர்கோவிலில் ஒரு இயற்கை உணவுக் கூட்டம் மாதாமாதம் நடப்பது தெரிந்து போக ஆரம்பித்தேன். கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் அதை நடத்தினார். பயறு முளைகட்டுவது, எண்ணெய் குறைத்து அவியல் வைப்பது, காச்சில் கிழங்கையும் சேனையையும் அளவோடு சாப்பிடுவது எல்லாம் அங்கே கற்றுக்கொண்டேன். அது உண்மை, மறைக்கவில்லை. என்னைப்போல யோசிக்கிற ஆட்களும் உலகத்தில் உண்டு என்ற நிம்மதியும் கிடைத்தது. அவர் ஒருநாள், "அடுத்த கூட்டத்தில் உங்கள் அனுபவத்தைப் பேசுங்கள்" என்றார். சம்மதித்தேன். எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்று அம்மா நேரில் பார்க்கட்டும் என்று அவளையும் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன்.

பூசைக்கு உடுத்தும் சேலையை உடுத்து வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் என் காதில் சொன்னாள்: "அந்தா பச்சைச் சேலை உடுத்திருக்காளே, எனக்கிட்ட எத்தனை வருஷம் மீன் வாங்குனவ. பாத்தும் பாக்காதது மாதிரி இருக்கா."

நான் மேடைக்குப் போனேன். நான் வாய் திறப்பதற்கு முன்னால் அவர் மைக்கைப் பிடித்து என்னை அறிமுகம் செய்தார்.

"இவங்க கடற்கரையில பிறந்தவங்க. சுத்தி எப்பவும் மீன் நாத்தம். அப்படிப்பட்ட இடத்துல பிறந்தும் ஒரு பொண்ணு இந்தச் சுத்தத்துக்கு வந்திருக்குன்னா அது சாதாரணம் இல்ல."

கை தட்டினார்கள். என் முகம் கொதித்தது. அவர் நிறுத்தவில்லை.

"சுனாமிக்குப் பிறகு நம்ம ஊர்ல எத்தனையோ பேர் மீனை விட்டாங்க, ஞாபகம் இருக்கா? அது இயற்கை நமக்குக் கத்துக்குடுத்த பாடம்."

அம்மாவைப் பார்த்தேன். அவள் மடியிலிருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுனாமியில் அம்மாவின் தங்கை போனாள். என் சித்தி. அவளை வைத்த குழியின் மண் காயும் முன்பே, கடல் மீன் பிணம் தின்ற மீன் என்று ஊரெல்லாம் பேசி, ஒருவரும் வாங்கவில்லை. அம்மா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கூவிவிட்டு, அழுகிய மீனோடு திரும்பி வந்தாள். அதுதான் இவருக்குப் பாடம்.

மைக்கை அவர் கையிலிருந்து வாங்கினேன். எழுதிக் கொண்டுவந்த பேச்செல்லாம் மறந்துபோனது. வந்தது எங்கள் ஊர்ப் பேச்சுதான்.

"நான் மீனை விட்டது எனக்க உடம்புக்கு. எனக்க ஆளுவளைவிட்டு மேல ஏறுகதுக்கு இல்ல. மீன் நாத்தமுன்னு சொன்னியளே, அந்த நாத்தத்துலதான் நான் படிச்சேன். அங்க இருக்கது எனக்க அம்மை. சுனாமியில கூடப்பிறந்தவளைக் குடுத்தவ. அது பாடமுன்னா, யாரைக் கொன்னு யாருக்கு நடத்துன பாடம்? சொல்லுங்க!"

பச்சைச் சேலைக்காரி குனிந்து பைக்குள் எதையோ தேடினாள். அவர் என்னிடம், "இல்லம்மா, நான் அந்த அர்த்தத்துல சொல்லல" என்று ஆரம்பித்தார். எந்த அர்த்தத்தில் என்று கேட்க எனக்குப் பொறுமை இல்லை. அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு வெளியே வந்தேன்.

பஸ்ஸில் அம்மா என்னை மெச்சுவாள் என்று நினைத்தேன். அவளுக்கோ என்மேல்தான் ஆத்திரம்.

"அவனுவளுக்க கைதட்டு வாங்க நீ எதுக்குட்டி மேடையில ஏறுன? உனக்கக் கீரையை வீட்டுல இருந்து தின்னா இறங்காதா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவர் போன் செய்தார். மன்னிப்புக் கேட்பார் என்று எடுத்தேன். "நீங்க உணர்ச்சிவசப்பட்டுட்டீங்க. தப்பில்ல. பழைய சாப்பாட்டோட குணம் உடம்பைவிட்டுப் போகக் கொஞ்சம் நாளாகும்" என்றார். போனைச் சுவரில் எறியாமல் வைத்ததே பெரிய காரியம்.

அதற்காக நான் திரும்ப மீன் தின்றுவிடவில்லை. சிலர் எதிர்பார்த்தார்கள். அவர்மேல் உள்ள கோபத்துக்கு என் உடம்பை ஏன் தண்டிக்க வேண்டும்? சர்க்கரை கட்டுக்குள் இருந்தது, நடை நிற்கவில்லை, பயறும் கீரையும் தொடர்ந்தன. ஒன்றை மட்டும் புதிதாகச் சேர்த்துக்கொண்டேன்: அடுத்தவர் தட்டைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, என் தட்டை வைத்து அடுத்தவரை மட்டம் தட்ட யாரையும் விடக் கூடாது. வார்டில் நோயாளிகள் சாப்பாடு பற்றிக் கேட்டால் டாக்டர் சொன்னதைச் சொல்லுவேன். என் கதையைச் சொல்லமாட்டேன்.

அம்மா மாறவில்லை. ஆனால் நான் ஊருக்குப் போகும் நாட்களில் மீன் சட்டியை அடுப்பில் ஏற்றும் முன்பே எனக்கான பயற்றங்கறியை இறக்கி மூடி வைத்துவிடுவாள். "எனக்கு உனக்க கொள்கை பிடிக்கல்ல, கேட்டியா. பிள்ளை பசியோட போகப்படாதுன்னு வைக்கேன்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் பரிமாறுவாள். அவள் மீனோடும் நான் பயற்றோடும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம்.

சில வருஷம் கழித்து வடசேரிச் சந்தையில் முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது கூட்டம் நடத்திய அவரைப் பார்த்தேன். வயதாகியிருந்தது.

"இன்னும் கடைப்பிடிக்கிறீங்களா?"

"ஆமா."

"ரொம்ப சந்தோஷம். கூட்டத்துக்கு வரலாமே?"

"வரமாட்டேன்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சந்தை முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருப்பேன்.