எட்டுக் கிரகமும் ஆறரை பஸ்ஸும்

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு தை மாதக் கடைசியில், உலகம் அழிவதாக ஏற்பாடாகியிருந்தது. கிளிநொச்சிக்குப் பக்கத்தில், அரசாங்கம் காடு வெட்டிக் காணி கொடுத்த எங்கள் குடியேற்றத் திட்டத்துக்கு இந்தச் செய்தி வந்து சேர்ந்தபோது அருவி வெட்டு, அதாவது நெல் அறுவடை, நடந்துகொண்டிருந்தது. கதிர் முற்றி, வயல் காய்ந்து, வெட்டுக்கு ஆள் பிடிக்க முடியாமல் எல்லோரும் ஓடித் திரிகிற நேரம். அழிவதற்கு உலகத்துக்கு வேறு மாதம் கிடைக்கவில்லை.

பஞ்சாங்கத்தில் இருந்தது ஒரே ஒரு வரி: எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் கூடுகின்றன. மிச்சத்தைச் சந்தியில் இருந்த தேத்தண்ணிக் கடை சேர்த்துக்கொண்டது. முதல் நாள் பூமி அதிரும் என்றார்கள். அடுத்த நாள் ஆனையிறவுக் கடல் ஏறிக் கிளிநொச்சிவரை வரும் என்றார்கள். மூன்றாம் நாள் குளக்கட்டு உடையும் என்றது ஒரு கட்சி. கடல் வந்த பிறகு குளக்கட்டு உடைந்தால் என்ன, உடையாவிட்டால் என்ன என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. உலகம் முடியப் போகிறதென்று சத்தியம் செய்த அதே ஆட்கள் அடுத்த போகத்துக்கு விதைநெல்லைப் பத்திரமாக எடுத்து வைத்ததையும் கண்டேன். எங்கள் ஐயாவும் அதில் ஒருவர். தகப்பனை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம்.

எட்டு என்றதும் பயந்துவிடக் கூடாது. பிரித்துப் பார்க்க வேண்டும். எட்டில் ஒன்று சூரியன். அது நட்சத்திரம், கிரகமே அல்ல. இன்னொன்று சந்திரன். அது மாதம் ஒருமுறை எல்லா ராசிக்குள்ளும் தலையை நீட்டிவிட்டுப் போகிறது. மூன்றாவது கேது. கேதுவுக்கு உடம்பே கிடையாது. சூரியன் போகும் பாதையைச் சந்திரன் போகும் பாதை வெட்டுகிற ஒரு வெறும் புள்ளி அது. மிஞ்சுவது புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி என்று ஐந்து பேர். அவர்களும் கூடவில்லை. ஒவ்வொருவரும் கோடிக்கணக்கான மைல் இடைவெளி விட்டுத் தன் தன் பாதையில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் காணியில் நின்று பார்க்க எல்லோரும் ஒரே திக்கில் இருந்தார்கள், அவ்வளவுதான். பார்க்க என்று சொன்னதும் பிழை. சூரியனுக்குப் பக்கத்தில் நின்றதால் அந்த வெளிச்சத்தில் ஒருவரையும் பார்க்க முடியாது. உலகத்தை அழிக்க வந்த கூட்டம் முழுவதும் ஒளித்துக்கொண்டு நின்றது. யுரேனசும் நெப்டியூனும் பஞ்சாங்கத்தில் பெயர் இல்லாத காரணத்தால் கலந்துகொள்ளவில்லை.

இவ்வளவு நியாயமும் தெரிந்த நான் அப்போது யார் என்றால், திட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பயிற்சி பெறாத உதவி ஆசிரியை. இருபத்திரண்டு வயது, ஒரு சைக்கிள், நிறைய வாய். விஞ்ஞானப் புத்தகத்தின் முதல் பாடம் வானம், இரண்டாம் பாடம் மண். எனக்கு முன்பிருந்தவர்கள் எல்லோரும் நேரே மண்ணுக்குப் போய்விட்டார்கள். நான் வானத்தில் தொடங்கினேன். அதில் எனக்குப் பெரிய பெருமை.

ஏழாம் வகுப்புக்கு நட்சத்திரம் பிறக்கிற கதையைச் சொன்னேன். விண்வெளியில் வாயுவும் தூசியும் பெரிய முகிலாகப் பரந்து கிடக்கிறது. தன் நிறையே தன்னை உள்ளே இழுக்க, அது ஒடுங்குகிறது. ஒடுங்க ஒடுங்க நடுப்பகுதி சூடேறுகிறது. சூடு ஓர் எல்லையைத் தாண்டியதும் ஐதரசன் அணுக்களின் கருக்கள் சேர்ந்து ஈலியமாக மாறத் தொடங்குகின்றன. அந்தச் சக்திதான் வெளிச்சமாக வருகிறது. நடுவில் சேராமல் சுற்றிக்கொண்டிருந்த மிச்சத் தூசி திரண்டு கிரகங்களாகிறது. பிள்ளைகள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஈர வைக்கலைக் குவித்துவிட்டு நாலு நாள் கழித்து உள்ளே கையை விட்டால் சுடும் அல்லவா, அதுபோல நடுவில்தான் சூடு என்று சொன்னேன். அது வேறு சூடு, உவமை அரைகுறை என்று எனக்குத் தெரியும். ஆனால் வைக்கல் என்றதும் வகுப்பு விழித்துக்கொண்டது.

"அப்ப சூரியன் ஆற்றை வைக்கல் ரீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள்.

எது யாருடையது என்று தெரியாமல் குடியேற்றத் திட்டத்துப் பிள்ளைக்குச் சரிவராது, எதற்கும் ஒரு காணிக்காரன் வேண்டும். அரசாங்கத்தின் வைக்கல் என்று சொல்லிப் பாடத்தை முடித்தேன்.

அந்தக் கிழமைதான் கடிதம் வந்தது. யாழ்ப்பாணப் பக்கத்தில் ஒரு பயிற்சிக் கல்லூரியில் எனக்கு இடம். இரண்டு தடவை கேட்டுக் கிடைக்காமல் மூன்றாம் தடவை கிடைத்த இடம் அது. பயிற்சி இல்லாத ரீச்சரை எந்த நேரமும் வேலையிலிருந்து நிற்பாட்டலாம். பயிற்சி எடுத்தவளை அப்படி அசைக்க முடியாது. திங்கட்கிழமை மத்தியானத்துக்கு முன் வந்து கையெழுத்து வைக்கும்படியும், வராவிட்டால் இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும் என்றும் எழுதியிருந்தது. அந்தத் திங்கட்கிழமை எட்டுக் கிரகத்துக்கும் உரிய திங்கட்கிழமை.

எங்கள் பக்கத்தில் பஞ்சாங்கம் இரண்டு வகை: ஒன்று வாக்கியம், மற்றது திருக்கணிதம். கிரகம் எப்போது எந்த ராசிக்குள் கால் வைக்கிறது என்பதில் இரண்டுக்கும் ஒத்துவராது. வாக்கியக்காரர் திருக்கணிதக்காரர் வீட்டுக் கலியாணத்தில் சாப்பிட்டுவிட்டு, முகூர்த்தம் பிழை என்று சொல்லிக்கொண்டு போவார். எங்கள் ஐயா இரண்டு தரப்பையும் பகைக்க விரும்பாதவர். இரண்டு பஞ்சாங்கத்திலும் எது முதலில் தொடங்குகிறதோ அதையும், எது கடைசியில் முடிகிறதோ அதையும் எடுத்துக்கொண்டார். பிறகு வயலுக்கு வேலி போடுகிற பழக்கத்தில் முன்னுக்கு ஒரு நாளும் பின்னுக்கு ஒரு நாளும் கூட்டினார். வெள்ளிக்கிழமை தொடங்கிச் செவ்வாய்க்கிழமை வரைக்கும் வீட்டைவிட்டு ஒருவரும் பயணம் வெளிக்கிடக் கூடாது என்று முடிவானது. எந்தச் சாத்திரியும் இவ்வளவு பெரிய அழிவைச் சொல்லியிருக்க மாட்டான்.

சனிக்கிழமை காலை ஐயாவிடம் நியாயம் பேசக் களத்துக்குப் போனேன். ஐயா சூடு மிதித்துக்கொண்டிருந்தார், வெட்டிய கதிரை மாடு விட்டு மிதித்து நெல்லைப் பிரிக்கிற வேலை. களத்தின் நடுவில் ஒரு கம்பு. அதைச் சுற்றி ஒரே கயிற்றில் பிணைத்த ஐந்து மாடுகள். எங்கள் வழக்கத்தில் பெண்கள் களத்துக்குள் கால் வைக்கக் கூடாது. உள்ளே நிற்பவர்களும் கண்டபடி பேசக் கூடாது. நெல்லை நெல் என்றுகூடச் சொல்லாமல் பொலி என்பார்கள். வாய் தவறினால் பூதம் வந்து விளைச்சலை அள்ளிக்கொண்டு போய்விடும். நான் வரம்பில் நின்று கத்தினேன்.

"ஐயா, அந்தக் கம்புதான் சூரியன் எண்டு வையுங்கோ. மாடுகள்தான் கிரகங்கள். சனி எல்லாத்துக்கும் வெளியாலை..."

"வாயைப் பொத்து! களத்தடியிலை நிண்டு சனியைக் கூப்பிடுறியே?"

சனியை விட்டுவிட்டு மற்றவற்றைச் சொன்னேன். "உள்ளுக்கை ஓடுறது கெதியா ஓடும். புதன் மூண்டு மாசத்திலை ஒருக்காச் சுத்தி வந்திடும். வெளியாலை ஓடுறது ஆறுதலா ஓடும், ஒரு சுத்துக்கு முப்பது வருசமும் எடுக்கும். அப்பிடி ஓடேக்கை எப்பவாவது எல்லாம் ஒரு பக்கமா வாறதுதானே? இதிலை என்ன பயம்?"

ஐயா மாடுகளை நிறுத்தினார். "உள்மாடு கெதியாவோ ஓடும்?"

"ஓம்."

"நீ சூடு மிதிக்கிறதை ஒருநாளாவது பாத்திருக்கிறியே? உள்மாடு நிண்ட இடத்திலை நிண்டு திரும்பும். அதுதான் கிழட்டு மாட்டை உள்ளுக்கை கட்டுறனான். வெளிமாடுதான் ஓட வேணும். உந்தப் புத்தகம் எழுதினவன் களத்துப் பக்கம் போகேல்லை."

ஐந்து மாடுகளும் அவர் பக்கம் சாட்சி சொல்லிக்கொண்டு நின்றன. பின்னேரத்துக்குள் தேத்தண்ணிக் கடைவரை கதை போய்விட்டது. சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்த, முல்லைத்தீவிலிருந்து வந்த முஸ்லிம் முதலாளி மட்டும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"எங்களுக்கு உந்த நாள் கோள் ஒண்டும் இல்லை ரீச்சர்," என்றார். "எண்டாலும் திங்கக்கிழமை கடை திறக்கேல்லை. சனம் வராது, எனக்கென்ன விசரே?"

இரண்டு நாள் அந்த மாடுகளோடு மாரடித்தேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டது. பிழை கயிற்றில் இருந்தது. மாடுகள் ஒன்றோடொன்று பிணைந்து நடப்பதால் உள்மாடு வெளிமாட்டுக்காகக் காத்திருக்கிறது. கிரகங்களை யாரும் பிணைக்கவில்லை. ஒவ்வொன்றையும் சூரியன் தனித்தனியாக இழுக்கிறது. கிட்ட நிற்பதற்கு இழுவை அதிகம். அது வேகமாக ஓடாவிட்டால் சூரியனை நோக்கி விழும். தூர நிற்பதற்கு இழுவை குறைவு. மெதுவாகப் போனாலே போதும். ஐயா முற்றத்தில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். முன்னால் குந்தியிருந்து முழுவதையும் சொன்னேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"எனக்கு விளங்கேல்லை," என்றார். "உனக்கு விளங்குதோ?"

"ஓம்."

"வடிவா விளங்குதோ?"

"ஓம் ஐயா."

"உனக்கு விளங்கினாக் காணும். காலமை ஆறரை பஸ்ஸிலை போ. நானும் கூட வரட்டே?"

வேண்டாம் என்றேன். மிதித்த பொலி களத்தில் கிடக்கிறது, பனி விழும், நீங்கள் நில்லுங்கோ என்றேன். உண்மையில் தனியாகப் போய் இறங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கலிலியோவுக்கு அடுத்தது நான்தான் என்ற நினைப்பு. அம்மா அழுதுகொண்டு டிரங்குப் பெட்டிக்குள் எள்ளுருண்டை வைத்தார்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கே ஐயா பெட்டியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து பஸ் நிற்கிற இடத்தில் இறக்கிவிட்டுக் களத்துக்குத் திரும்பிப் போனார். விடிந்துகொண்டிருந்தது. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. முதலாளியின் கடை பூட்டிக் கிடந்தது. தேத்தண்ணிக் கடையும் பூட்டு. வேறு நாளில் இந்த நேரத்துக்குப் பாற்காரர், மரக்கறி மூடை, கோழிக் கூடை என்று அந்த இடத்தில் கால் வைக்க முடியாது. அன்று ஒரு நாய்கூட இல்லை. நம்பவில்லை என்று வாயால் சொன்ன ஆட்களும் வீட்டில் இருந்துவிட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பஸ் வந்தது. உள்ளே ஒருவரும் இல்லை.

"மாங்குளத்திலை இருந்து வாறம், ஒரு சனம் ஏறேல்லை," என்றார் கொண்டக்டர். "நீங்கள் ஒராள்தான்."

"ஏறுங்கோ தங்கச்சி," என்று சாரதி முன்னாலிருந்து சிரித்தார். "அழியிறதெண்டால் மூண்டு பேரும் சேந்து அழிவம்."

பகிடிக்குத்தான் சொன்னார். நான் ஒரு காலை மிதிபலகையில் வைத்திருந்தேன். வெறும் இருக்கைகளைப் பார்த்தேன். யாழ்ப்பாணம் போகிற வழியில், ஆனையிறவில் தெருவுக்கு இரண்டு பக்கமும் கடல் இருக்கும் என்பது நினைவுக்கு வந்தது. கடல் வராது என்று எனக்குத் தெரியும். ஏன் வராது என்று ஏழாம் வகுப்புக்குக் கரும்பலகையில் படம் கீறிக் காட்டியவள் நான். தெரிந்தது ஒன்றும் காலுக்கு எட்டவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. காலை எடுத்துவிட்டேன்.

"ஐயாவும் வாறார், அடுத்த பஸ்ஸிலை வாறம்," என்றேன்.

பஸ் போய்விட்டது. ஒன்பது மணிக்கும் ஒரு பஸ் இருந்தது. அதில் போயிருந்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன். ஒன்பது மணிக்கு நான் வீட்டில் இருந்தேன். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு களத்தடியால்தான் வந்தேன். ஐயா மாடுகளை நிறுத்திவிட்டு வந்து பெட்டியை வாங்கி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார். பிறகு மாடுகளிடம் திரும்பிப் போனார்.

செவ்வாய்க்கிழமையும் உலகம் இருந்தது. கோயிலில் பூசை செய்தபடியால் தப்பினோம் என்றது தேத்தண்ணிக் கடை. என் இடம் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போனது. இன்னோர் இடம் கிடைக்க எனக்கு இரண்டு வருடம் சென்றது. ஏன் போகவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம், ஐயா நாள் சரியில்லை என்று மறித்துவிட்டார் என்று சொன்னேன். எல்லோரும் உடனே நம்பினார்கள். அந்த மனிதர் இரண்டு பஞ்சாங்கத்தையும் சேர்த்துக் கட்டியவர் என்பது ஊருக்கே தெரியும்.

புதன்கிழமை பின்னேரம் தலைமை ஆசிரியர் கோபத்தோடு வீட்டுக்கு வந்தார். என் விண்ணப்பத்துக்கு மூன்று தடவையும் சிபாரிசு எழுதியவர் அவர்தான். கதிரையில்கூட இருக்கவில்லை. ஐயா சாக்குகளுக்கு நடுவில் நிலத்தில் இருந்தார். நான் வாசற்படியில் நின்றேன்.

"படிச்ச பிள்ளையின்ரை எதிர்காலத்தை உந்தப் பஞ்சாங்கத்துக்காகப் பாழாக்கிப் போட்டியளே," என்றார் தலைமை ஆசிரியர். "உங்களுக்கு மனச்சாட்சி இல்லையே?"

ஐயா என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஓம் மாஸ்ரர்," என்றார். "என்ரை பிழைதான். பயந்துபோனன்."

நான் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனேன்.