குடைக்காரரின் மைல்கள்

எங்கள் மாடிவீட்டுக்காரரைத் தெருவே குடைக்காரர் என்றுதான் சொல்லும். அவர் குடை விற்றவர் அல்ல. ஊர் ஊராக விமானத்தில் பறந்து அச்சு இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். பறந்ததற்கெல்லாம் விமானக் கம்பெனி அவர் கணக்கில் மைல்கள் சேர்த்தது. அவற்றைக் கொடுத்து இலவச டிக்கெட் எடுக்கலாம். கணக்கைச் சும்மா போட்டு வைத்தால் அத்தனையும் காலாவதி.

ஓய்வு பெற்றதும் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வருஷம் தவறாமல் அந்தக் கம்பெனியின் கடையில் இருப்பதிலேயே மலிவான பொருளை வாங்குவார். அது ஒரு மடக்குக் குடை. கணக்குக்கு மறுபடி உயிர் வந்துவிடும். அவர் கொடுத்த குடை எங்கள் வீட்டிலேயே இரண்டு கிடக்கிறது.

எங்காவது போகலாமா என்று மனைவி கேட்டால், "இருக்கட்டும், அவசரத்துக்கு உதவும்" என்பார். அந்த அவசரம் வந்தபாடில்லை. கேட்கிற எனக்கே பற்றிக்கொண்டு வரும். விமானத்தில் காலே வைக்காத அந்த அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும்?

போன மாதம் அக்கா பிடித்த பிடியில் நின்றார். "என் தங்கச்சியப் பாக்கணும். டிக்கெட் போடுங்க."

கணக்கைத் திறந்தவரின் முகம் தொங்கிவிட்டது. இவர் காத்த காலத்தில் டிக்கெட்டுக்குக் கேட்கும் மைல் ஏறிப்போயிருந்தது.

"ஒருத்தருக்குத்தான் வரும்போல."

"நல்லதாப் போச்சு. நீங்கதான் பறந்து அலுத்தவராச்சே."

வழியனுப்ப நானும் போயிருந்தேன். விமான நிலைய வாசலில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன அக்கா, நின்று திரும்பினார்.

"மழை வந்தா மாடில காயற துணிய எடுத்துருங்க. நம்ம வீட்ல குடைக்கா பஞ்சம்?"