அம்மா வெயிலில் நின்றது

போன வாரம் கொள்ளுப்பேத்தி எல்.கே.ஜி.யிலிருந்து ஒரு செருப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு பக்கம் ஊசி ஓட்டை, மறுபக்கம் எண்ணெய் தடவிய தாள். தெருப்பக்கம் திருப்பிப் பிடித்தால் வேப்பமரம் அந்தத் தாளில் தலைகீழாக விழுமாம். வீட்டில் எல்லோரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். எனக்குக் கண் கூசுகிறது என்று சொல்லிவிட்டேன். பொய்தான். அந்த வித்தையை அவளுடைய மிஸ் பிறப்பதற்கு முன்னாலேயே பார்த்தவள் நான்.

வெண்ணந்தூரில் எங்கள் பாலர் பள்ளி ஒரே ஓர் அறை. டீச்சர் சேலத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கழுத்தில் சின்னதாய் ஒரு சிலுவை. எழுத்தைவிடப் படம் போடத்தான் அதிகம் சொல்லிக்கொடுத்தார். ஒருநாள் கதவு சன்னல் எல்லாவற்றையும் சாத்தி, தெருப்பக்கச் சன்னல் பலகையில் ஆணி கழன்ற ஓட்டையை மட்டும் விட்டுவைத்தார். கண் இருட்டுக்குப் பழகியதும் எதிர்ச் சுவரில் ரோடு வந்தது. வானம் கீழே, மண் மேலே. மாட்டுவண்டி ஒன்று பல்லிபோல மேலே ஒட்டிக்கொண்டு போனது. நாங்கள் போட்ட கூச்சலில் வெளியே போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

அதை அடுப்புக்கரியால் சுற்றி வரையவேண்டும். ஆனால் போகிற வண்டி நிற்குமா? அதனால் வீட்டிலிருந்து யாரையாவது எதிரே வந்து அசையாமல் நிற்கச் சொல்லுங்கள் என்றார் டீச்சர். வெயிலில்தான் நிற்க வேண்டும்; புளியமரத்து நிழலில் நின்றால் சுவரில் தெரியாது. ஒரு பையனுடைய அப்பா காளையோடு வந்து நின்றுவிட்டுப் போனார். அவன் இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தான். தோட்டந்துரவு உள்ள வீட்டுப் பிள்ளை எனக்கு அது பொறுக்கவில்லை.

அம்மாவிடம் போய் நின்றேன். "நாளைக்கு வந்து நில்லும்மா. வெயில்ல நிக்கோணும். அசையக் கூடாது."

"எனக்கு வேற சோலி இல்லையா சாமி?" என்றாள்.

அப்பாவின் அக்கா உள்ளேயிருந்து, "ஆமா, மகாராணி ரோட்டுல நின்னு படம் புடிக்கறாங்களாமா!" என்றார். அந்த நாட்களில் அம்மா என்னைத் தவிர யாரோடும் பேசுவதில்லை. ஆண்பிள்ளை பெறவில்லை என்று அப்பாவுக்கு வேறு பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எனக்குத் தெரியாது. என் கவலையெல்லாம் அந்தக் காளைதான்.

மறுநாள் உச்சிவேளை. சுவரில் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு சேலை வந்து நின்றது. கையில் துணி மூட்டை. "எங்கம்மா!" என்று குதித்தேன்.

"உங்கம்மா வவ்வாலாட்டம் தொங்கறாங்க!" என்றான் அந்தக் காளைக்காரப் பையன். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன்.

கரியை எடுத்தேன். தலை கீழே இருந்ததால் முகத்தைச் சுற்றி நானே வரைந்தேன். தோள், மூட்டை எல்லாம் வரைந்தேன். எவ்வளவு நேரம் நின்றாள்! ஒரு முறை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். 'அசையாதே' என்று சுவரைப் பார்த்து அதட்டினேன்.

டீச்சருக்கு என்ன தோன்றியதோ, "மூட்டையோட நிக்கறாங்களே. கதவத் தொறக்கறேன், போய்ப் பாத்துட்டு வா சாமி" என்றார்.

"தொறக்காதீங்க டீச்சர்! வெளிச்சம் வந்தா அழிஞ்சு போயிரும்! இன்னும் கால் வரையல!"

கால் மேலே இருந்தது, எனக்கு எட்டவில்லை. டீச்சர் இடுப்பில் தூக்கிக்கொண்டார். ஒரு காலை வரைந்தேன். அடுத்த கால் நகர்ந்தது. சேலை சுவரின் ஓரம்வரை போய், இல்லாமல் போனது.

சாயங்காலம் பெருமையடிக்க வீட்டுக்கு ஓடினேன். அம்மா தம்மம்பட்டிக்கு, பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள். பிள்ளையைக் கொடுக்க மாட்டோம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அப்பா அழைத்துவரப் போகவில்லை. தை பிறப்பதற்குள் வேறொருத்தி வந்துவிட்டாள். அம்மா அங்கேயே காய்ச்சலில் செத்துப்போனதை, எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் சொன்னார்கள். காளைக்காரன் முன்னால் அழக்கூடாது என்று நான் அப்புறம் பள்ளிக்கே போகவில்லை. அதோடு படிப்பும் போயிற்று. இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், எழுதுவேன். வீறாப்பு மட்டும் குறையவில்லை.

நாலு எட்டு வைத்தால் புளியமர நிழல். அவள் அங்கே போய் நிற்கவில்லை. நான் சொன்னபடி வெயிலில்தான் நின்றாள். சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது திறக்கும் என்று நின்றாள் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. படம் நன்றாக வரவேண்டும் என்று நிற்கிறாள் என்றுதான் நினைத்தேன்.