சிரிக்க வைத்துப் பிடித்தவள்

பச்சிளங்குழந்தைகள் வார்டு வாசலுக்கு அவள் வந்ததே ஒரு தாய்மாமாவின் புண்ணியத்தில்தான். அதுவரை அதே ஆஸ்பத்திரியில் வண்டி நிறுத்துமிடத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்த காவலாளி அவள். லேசான ஜலதோஷத்தோடு உள்ளே போன அந்த மாமா, தங்கை மகனைக் கொஞ்சியதோடு நிற்காமல் பக்கத்துத் தொட்டில்களையும் நலம் விசாரித்துவிட்டு வந்தார். ஐந்தே நாளில் ஏழு குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு. இரண்டுக்கு ஆக்சிஜன் வைக்க வேண்டியதாயிற்று. நல்லவேளையாக ஏழும் தேறிவிட்டன.

இருமல், தும்மல் உள்ளவர் யாராக இருந்தாலும் விடக்கூடாது, மற்றவர்கள் கை கழுவி முகக்கவசம் போட்டுத்தான் போக வேண்டும் என்று தலைமை நர்ஸ் அவளை வாசலில் நிறுத்தினார். ஆனால் வந்தவர்கள் கில்லாடிகள். இருமலை விழுங்கிக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, கல்லுப்பிள்ளையார்போல நின்றார்கள். இரண்டு நாள் ஏமாந்தாள். மூன்றாம் நாள் அவர்களிடம் கதை சொல்ல ஆரம்பித்தாள்.

"போன வாரம் ஒருத்தர் வந்து, அப்படியே என் மூக்குன்னு அரை மணி நேரம் கொஞ்சினாரு. அப்புறம் பார்த்தா அது பக்கத்துத் தொட்டில் குழந்தை."

குபீரென்று சிரிப்பார்கள். நெஞ்சில் சளி இருந்தால் சிரிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு இருமலும் வெளியே வந்துவிடும். ஒரே வாரத்தில் பதினாறு பேரைத் திருப்பி அனுப்பினாள். போகிறவர்களும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

ஒருநாள் பெரிய டாக்டர் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். கூடவே கொள் கொள்ளென்று இருமினார். ஏசி தூசி என்றார்.

"நேத்து வந்த பெரியவரும் தூசின்னுதான் சொன்னாரு சார். வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

டாக்டர் வார்டுக்குள் கை காட்டினார்.

"அப்ப குழந்தைகளை யார் பார்க்கறது?"

"சின்ன டாக்டரம்மா உள்ளதான் இருக்காங்க சார்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நேராகப் பரிசோதனைக்கூடத்துக்குப் போனார். அன்று மாலையே முடிவு வந்தது. ஏழு குழந்தைகளையும் படுத்திய அதே வைரஸ். அவள் துணி அறைக்குள் ஓடி, மடித்த போர்வையை வாயில் பொத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். அதட்ட வந்த தலைமை நர்சும் சிரிப்புத் தாளாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் அவளுடைய தங்கைக்கு, கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து, அதே ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது. மூன்று வாரம் முந்திக்கொண்ட குழந்தை என்பதால் பத்து நாள் வார்டில் இருக்க வேண்டும் என்றார்கள். இவளுக்குத் தலைகால் புரியவில்லை. லிஃப்ட்காரரிடம் சொன்னாள், மருந்துக்கடையில் சொன்னாள், எக்ஸ்ரேவுக்குக் காத்திருந்த முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் பெரியம்மா ஆகிவிட்டதாகச் சொன்னாள். தொட்டில் பக்கம் மட்டும் போகவில்லை. காலையிலிருந்தே தொண்டை கரகரத்தது. கத்திக் கத்திச் சொன்னதால்தான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து, கணவன் முன்னால் அடுக்கடுக்காக நான்கு தும்மல் போட்டாள். அவன் சிரித்த சிரிப்பில் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே தலைமை நர்சுக்கு போன் செய்தாள்.

"மேடம், இன்னும் ஒருத்தியைத் திருப்பி அனுப்பணும். நான்தான்."

ஒரு வாரம் தனி அறை. கதவருகே சாப்பாட்டை வைத்துவிட்டு, "பெரியம்மா, சாப்பாடு" என்று கணவன் குரல் கொடுப்பான். தங்கை போனில் காட்டிய குழந்தைக்கு இவள் பேசிய பேச்சில் போன் சூடேறியது.

எட்டாம் நாள் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. கையை முழங்கைவரை இரண்டு தடவை கழுவி, முகக்கவசம் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். தங்கை குழந்தையை அவள் மடியில் வைத்தாள். அது கண்ணைத் திறக்கவே இல்லை. ஒரு கொட்டாவி மட்டும் விட்டது. அவள் கால் மரத்துப்போனது. எழுந்திருக்க அவளுக்கு மனம் வரவில்லை.