வெள்ளை வார்ப்பிரும்பும் மூண்டு மடையரும்

இரும்பு வார்க்கிற தொழிலில் உலை சுட்டதைவிட ஆட்களின்ர கதை சுட்டதுதான் கூட. நீங்களும் ஏதாவது பட்டறையில் கிடந்து பேச்சு வாங்கினவரெண்டால், வாங்கோ, இருந்து கேளுங்கோ. சண்டைக் காலம். திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட எங்கட வார்ப்புப் பட்டறை. மூதூருக்கும் அங்கால, வெருகலில் ஓடின ஒரேயொரு நெல்லு மில்லின்ர உருளை தேய்ஞ்சு போச்சு. கொழும்புச் சாமான் வராது. அங்கத்தைப் பள்ளிக்கூடத்தில் அகதியா இருந்த சனத்திட்ட நெல்லு இருக்கு, அரிசி இல்லை. அவசரத்துக்கு வெள்ளை வார்ப்பிரும்பில் இரண்டு உருளை வார்த்தன், ஒண்டு பூட்ட, மற்றது கைமிச்சத்துக்கு.

துளை

உருகின இரும்பைச் சட்டெண்டு ஆறவிட்டால் இந்த இரும்பு வரும். உடைச்ச இடம் வெள்ளையாயிருக்கும். உமி உரசி லேசில் தேயாது. ஆனால் அடி தாங்காது, துளைக்கவும் ஏலாது. இதை மில் முதலாளிக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னனான். மனுசன் கேட்டால்தானே! உருளையைத் தண்டோட இறுக்கிற பூட்டாணி போடத் துளை வேணுமாம். பட்டறைக்கு வந்து, தானே துளைக்கிற மெசினில் நிண்டு மூண்டு அலகை எரிச்சார். உருளையில் ஒரு கீறல்கூட இல்லை. அலகை எறிஞ்சுபோட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "துளை போட ஏலாட்டி இது என்ன கோதாரி இரும்பு?"

சோதனை

மூதூருக்குப் போற லோஞ்சுப் படகில் ஏத்தப் போனால் இறங்குதுறையில் ஒரு ஆமிக்காரர். உருளையின்ர பாரத்தைப் பார்த்ததும் உள்ளுக்கு ஏதோ ஒளிச்சிருக்கெண்டு அவருக்குச் சந்தேகம். "போடாதேங்கோ, உடையும்!" எண்டு கத்தினன். இரும்பு உடையுமெண்டால் ஆர் நம்புவினம்? ஒண்டைத் தூக்கிச் சீமெந்தில் போட்டார். இரண்டு துண்டு. குனிஞ்சு பார்த்தார், உள்ளுக்கும் இரும்புதான். அந்த அறிவாளி தனக்குத் தெரிஞ்ச தமிழில் கேட்டார்: "நீ பொய் இரும்பு செஞ்சு விக்கிறதா?"

பூட்டினது

மிச்ச உருளையை மடியில் வைச்சு வெருகலுக்குக் கொண்டுபோனன். மில் வாசலில் பெண்கள் நெல்லு மூட்டையோட வரிசையில் நிக்கினம். பூட்டுற வேலையை அந்த முதலாளியிட்ட விடுவனா? நானே இறங்கினன். தண்டில் கடைசி அரை விரலளவு ஏற மாட்டெண்டுது. எல்லாரும் பார்த்துக்கொண்டு நிக்க எனக்குக் கோவம் வந்திட்டுது. சுத்தியலை எடுத்து ஒரேயொரு தட்டு. 'டிங்' எண்டு வெடிச்சுது. ஐயோ, வெக்கத்தில் ஆரின்ர முகத்தையும் பார்க்க ஏலேல்லை. இனி வார்த்து வர இரண்டு கிழமை எடுக்கும். முன்னுக்கு நிண்ட பெண் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு சொன்னா: "நாங்கள் உரலில குத்துறம் ஐயா. அடுத்தமுறை நீங்கள் சுத்தியலை வீட்டை வைச்சிட்டு வாங்கோ."

இவ்வளவுக்குப் பிறகும் உடையாமல் மிஞ்சியிருக்கிற ஒரே கடும் சாமான் என்ர வாய்தான்.