இரண்டாம் பந்தி

தனி ஆவர்த்தனம் வாசிக்கும்போது ராமபத்ரன் கண்ணை மூடிக்கொள்வார். லயத்தில் ஆழ்ந்துவிடுகிறார் என்று கல்பாத்தி சபாவில் எல்லோரும் நினைத்தார்கள். ஆழமாவது ஒன்றாவது! எழுந்து போகிறவர்களின் முதுகைப் பார்க்க மனுஷருக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான். பாடகர் பாட்டை நிறுத்திவிட்டு மிருதங்கத்துக்கு வழிவிடும் அந்தக் கால்மணி நேரம் நம் ரசிக சிகாமணிகளுக்குக் காபி நேரம். பதினாலு வருஷமாக அவர் காலி ஜமக்காளத்துக்குத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்.

எழுபத்து நாலாம் வருஷம் சபாக் காரியதரிசி முத்துசுவாமி அதை வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"ஓய், கோபிச்சுக்கப்படாது. தனிக்கு உட்கார ஒருத்தரும் இல்லையாக்கும். வர்ற சனிக்கிழமையும் எல்லாரும் எழுந்து போனா, இனிமே தனியே வேண்டாம்னு கமிட்டியில பேச்சு."

ராமபத்ரன் தலையை ஆட்டிவிட்டு வந்தார். எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. ஆனால் வேலைக்குப் போகும் பஸ்ஸில் வழியெல்லாம் அதே நினைப்பு. ஒரு கச்சேரியில் அவருக்கென்று இருந்தது அந்தக் கால்மணி நேரம் மட்டும்தான்.

வேலை, கோவிந்தாபுரம் தபாலாபீசில். கடிதங்களுக்கு முத்திரை குத்தும்போதுகூட அவர் கை சும்மா இருக்காது. மை அட்டையில் மெத்தென்று ஒன்று, கடிதத்தின் மேல் டக்கென்று ஒன்று. ஐந்து கடிதம் என்றால் தக தகிட. ஏழு என்றால் தகிட தகதிமி. கட்டு முடிகிற இடத்தில் தாளமும் கச்சிதமாக வந்து முடியும். அரசாங்க முத்திரையை இவ்வளவு அழகாகக் குத்தியவர் இன்னொருவர் இருந்திருக்க முடியாது என்பது என் கட்சி.

இதைக் கவனித்தவள் சுப்பாத்தாள். நிலக்கடலை விவசாயம் செய்யும் வீட்டுப் பெண், பத்தொன்பது வயது. பட்டாளத்திலிருந்த மாமனுக்குக் கடிதம் போட வருவாள். போட்ட பிறகும் போகாமல் ஜன்னலோரம் நிற்பாள். நாலாவது தடவை கேட்டேவிட்டாள்.

"ஏனுங்க சார், அந்தத் தட்டு இன்னொருக்கா தட்டுங்களே."

"எதுக்கும்மா?"

"எங்கெங்கியோ போகுதுங்க. திரும்பி வந்து சேருமோ சேராதோன்னு எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. கடைசீல வந்து சேர்ந்துருது பாருங்க, அப்ப ஒரு சந்தோசம்!"

ராமபத்ரன் முத்திரையைக் கீழே வைத்தார். எத்தனை வித்வான்கள் பாராட்டியிருக்கிறார்கள். ஒருவரும் இதைச் சொன்னதில்லை. "சனிக்கிழமை சாயங்காலம் கல்பாத்தியில் மிருதங்கத்திலேயே வாசிப்பேன்" என்று சொல்லி வைத்தார். வருவாள் என்று நினைக்கவில்லை.

வந்தாள். அண்ணன் கந்தப்பன், பெரியப்பா மக்கள், தோட்டத்துச் சிநேகிதிகள் என்று, அவளையும் சேர்த்துப் பதினோரு பேர், எல்லாம் இளவட்டம். பந்தலில் இடமில்லை. ஓரமாக நின்று, அழைக்காத வீட்டு விருந்தில் நிற்பவர்கள் போல நெளிந்துகொண்டிருந்தார்கள்.

பாடகர் நிறுத்தினார். ராமபத்ரன் வழக்கம்போல் கண்ணை மூடினார். முன்வரிசைகள் மொத்தமாக எழுந்தன. வேட்டியை உதறும் சத்தம் அவர் காதில் விழுந்தது. சரி, இதுதான் கடைசி என்று எண்ணிக்கொண்டு தகிட என்று முதல் சொல்லை வாசித்தார்.

சுப்பாத்தாளுக்கு அந்தக் காட்சி புதிதாகப் படவில்லை. கல்யாண வீட்டில் பார்க்காததா? "பந்தி எந்திரிச்சிருச்சு, வாங்க வாங்க" என்று அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு முன்னால் போய், சம்மணம் போட்டு வரிசையாக உட்கார்ந்துவிட்டாள்.

வாசித்துக்கொண்டே இருந்த ராமபத்ரனுக்கு ஏதோ உறைத்தது. காலி ஜமக்காளத்தில் சத்தம் இப்படி அடங்கி ஒலிக்காது. கண்ணைத் திறந்தார். எதிரே பதினோரு முகங்கள், வைத்த கண் வாங்காமல். தாளம் போட அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் மூன்று முறை சுற்றி வந்து அவர் ஒரு முத்தாய்ப்பை இறக்கியபோது பதினோரு தலைகளும் ஒன்றாக இறங்கின. அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. பதினாலு வருஷமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டினார். பாடகரே தாளத்தை விட்டுவிடாமல் இருக்கத் திணறினார்.

காபி டம்ளரோடு திரும்பிய முத்துசுவாமி, தம் இடத்தில் யாரோ உட்கார்ந்திருப்பதைக் கண்டு குனிந்தார். "இதோ பாரும்மா, இது எங்க இடமாக்கும்."

சுப்பாத்தாள் மேடையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. மரியாதையாகத்தான் சொன்னாள்.

"உங்க பந்திதான் முடிஞ்சுதுங்களே. நாங்க இப்பத்தானுங்க எலை போட்டு உக்காந்திருக்கோம்."

முத்துசுவாமி கையில் டம்ளரோடு நின்றுகொண்டே தனியைக் கடைசிவரை கேட்டார். அந்தச் சபாவில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. காபி ஆறிப்போயிற்று.