அணைக்க முடியாத வெயில்

இருளை விலக்கி எழுந்து, நல்லவர் வயலென்றும் அல்லாதவர் வயலென்றும் பாராமல் ஒளி பொழியும் செங்கதிரோனையும், அவனுக்குள் நின்று அவனை நடத்தும் பெருமாளையும் முதலில் வணங்குகிறேன். வணங்கிய கையோடு ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: சோலார் பம்பைப் பராமரிக்கும் தொழிலில் சுவிட்சு என்பது பாதி ஆறுதல்தான்.

வங்காளத் தலைநகரின் கிடர்பூர் துறைமுகத்தில் கிரேன்களின் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் பாசுரம் ஓதிக்கொண்டிருந்த என்னை ஒரு சிறு கம்பெனி அழைத்து, நகரின் தெற்கு விளிம்பில் இன்னும் மிஞ்சியிருக்கும் காய்கறி வயல்களின் பம்புகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது. உடன் வருபவர் முருகேசன். டாலிகஞ்சில் இட்லிக்கடை வைத்திருக்கும் குடும்பத்தில் இங்கேயே பிறந்து வளர்ந்த, நடுவயது மெக்கானிக். இதே தொழிலில் உழலும் அன்பர்களே, நான் பயந்த கதைகளைத்தான் சொல்லப்போகிறேன். நீங்களும் பயந்திருப்பீர்கள், வெளியில் சொல்லியிருக்கமாட்டீர்கள். வயல்காரர்கள் வங்காள மொழியில் பேசியதை என் தமிழில் தருகிறேன்.

எங்கே நிறுத்துவது?

கோபாலின் வயல் ஜோக்காவுக்கு அப்பால், ஒரு குளத்தை ஒட்டி இருக்கிறது. கத்தரியும் கீரையும் போடுவார். சோலார் பம்பு வரும்வரை டீசல் என்ஜின் வைத்து இறைத்தவர். முதல் நாளே சுவிட்சைத் திருகினார், பம்பு நின்றது. "செத்துவிட்டது" என்று திருப்தியோடு சொல்லி, பேனலிலிருந்து இறங்கும் கம்பியைத் துணிபோல் உதறப் போனார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

சுவிட்சுக்கு இந்தப் பக்கம்தான் மின்சாரம் நிற்கும். அந்தப் பக்கம், பேனலில் வெளிச்சம் படுகிறவரை, கம்பியில் உயிர் இருந்துகொண்டே இருக்கும். அதுவும் டி.சி. மின்சாரம், பல பேனல்களைத் தொடராகக் கோத்திருப்பதால் ஆளைக் கொல்லும் அளவுக்கு வோல்டேஜ். இதையெல்லாம் பொறுமையாக விளக்கினேன். கோபால் வானத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வங்காள மொழியில் சித்தியின் கணவருக்குரிய மரியாதைச் சொல்லால் என்னை அழைத்துக் கேட்டார்: "மேஷோமொஷாய், அவ்வளவு பெரிய என்ஜினுக்கு ஒரு நிறுத்துக் கம்பி வைக்க உங்கள் பகவானுக்குத் தோன்றவில்லையா?"

பேனல்மேல் போரி

குளிர்காலத்தில் ஒரு நாள் கோபாலின் மனைவி மாலதி போன் செய்தார். பம்புக்கு உடம்பு சரியில்லை, நூல்போலத் தண்ணீர் விடுகிறது என்றார். போய்ப் பார்த்தோம். பேனல்களின்மேல் வெள்ளைத் துணி விரித்து, அதில் வரிசை வரிசையாகப் போரி காய்ந்துகொண்டிருந்தது. போரி என்றால் அரைத்த உளுந்தைக் கிள்ளி வைத்து உலர்த்தும் வடகம். இங்கே குளிர்காலத்தில் அது காயாத வீடு குறைவு. வயலில் வேறெங்கும் நிழல் விழாத மேடை இல்லையாம். நாய் எட்டாத உயரமாம். போரிக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்பதை என்னாலும் மறுக்க இயலவில்லை.

ஆனால் நான் பேனலின் பின்பக்கத்தை நோக்கினேன். துணி பறக்காதிருக்க அதன் நுனிகளை இணைப்புக் கம்பிகளோடு சேர்த்து மாலதி இறுகக் கட்டியிருந்தார். ஓரிடத்தில் எலி கடித்து உள்ளிருக்கும் செம்பு தெரிந்தது. மாவு ஈரம் காயாத விரல்கள் அதற்கு ஒரு சாண் தள்ளி முடிச்சுப் போட்டிருக்கின்றன. முருகேசன் கையுறை மாட்டி அந்த இடத்தைச் சரிசெய்து முடிக்கும்வரை நான் திருநாமம் சொல்லிக்கொண்டே நின்றேன். இனி இங்கே எதையும் காயவைக்காதீர்கள் என்று நான் சொன்னபோது, சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டேன் போலும். மாலதி போரித் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டார்: "வெயில் என்ன, உங்கள் கம்பெனி லாரியில் கொண்டுவந்து இறக்கியதா?"

மேகம் சொன்ன பொய்

டீசல் என்ஜினோடு வாழ்ந்தவர்கள் எல்லாரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. பம்பு ஓடவில்லையென்றால் மின்சாரமும் இல்லை என்று நம்பிவிடுவார்கள். மேகம் மூடினால் பம்பு நிற்கும். அதைச் சுழற்றும் வலு போய்விடும். வோல்டேஜ் போகாது. பதுங்கியிருக்கும். மேகம் விலகிய கணத்தில் முழு வலுவோடு எழுந்து வரும்.

அப்படி ஒரு மூட்டமான நாளில், நாங்கள் வரப்பில் நடந்து வந்துகொண்டிருக்கும்போதே, கோபால் குறடு ஒன்றை எடுத்து ஓர் இணைப்பைப் பிரித்தார். துரு துடைக்கவாம். அது பிரியும் கணத்தில் மேகம் விலகியது. வீட்டு மின்சாரத்தின் பொறி ஒரு கணம் மின்னி மறையும். இது மறையவில்லை. பிரிந்த இரு நுனிகளுக்கும் நடுவே நீலமாக ஒரு நாக்கு நீண்டு, சீறிக்கொண்டே நின்றது. கோபால் குறட்டை எறிந்துவிட்டுப் பின்னால் விழுந்தார். குறட்டின் மூக்கு உருகியிருந்தது. அவர் எழுந்து உட்கார்ந்து, ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டிப் பார்த்துச் சிரித்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த மாலதி மூச்சு வாங்க நின்றார். நெற்றி வகிட்டில் குங்குமம் வியர்வையில் கரைந்திருந்தது. மாலதியை அண்ணி என்னும் பொருளில் பௌதி என்று அழைக்கும் முருகேசன் என் காதருகே சொன்னார்: "ஐயா, அவரு தன் கையைப் பாத்துச் சிரிக்கிறாரு. நான் அந்த பௌதி நெத்தியைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

புயலுக்கு மறுநாள்

சித்திரையில் வரும் கால்பைசாகிப் புயல் ஒரு மாலையில் நகரை உலுக்கிவிட்டுப் போயிற்று. மறுநாள் வானம் கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. நான் மொட்டைமாடியில் நின்று சூரியனுக்கு அர்க்கியம் விடக் கையில் நீரை ஏந்தியபோது போன் அடித்தது. மாலதியின் குரல். காற்று ஒரு பேனலைப் பிடுங்கி வயலின் தாழ்ந்த மூலையில் எறிந்துவிட்டது. கம்பி அறுந்து தண்ணீரில் கிடக்கிறது. கோபால் அந்தப் பேனலைத் தூக்க முழங்கால் நீரில் இறங்கிவிட்டார். "பிய்ந்து விழுந்ததில் என்ன உயிர் இருக்கப்போகிறது என்கிறார். ஆனால் கால் கூசுகிறதாம், மேஷோமொஷாய்."

மற்ற பேனல்கள் சட்டத்தில் நிற்கின்றன. அவற்றின் மின்சாரம் அந்த நீருக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. அவருக்கும் வரப்புக்கும் நடுவே அறுந்த முனைகள், முதுகுப்பக்கம் ஆழமான குளம். வெயிலோ ஏறிக்கொண்டிருக்கிறது. அவர் அசையக்கூடாது, நீங்கள் நீரில் கால் வைக்கக்கூடாது என்றேன். பேனல் மேடை உலர்ந்த மேட்டில் இருந்தது. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, இரும்பைத் தொடாமல், வீட்டிலுள்ள கந்தல் மெத்தைவிரிப்பு அத்தனையையும் மூங்கில் கழியால் பேனல்கள்மேல் தள்ளுங்கள் என்றேன். முருகேசனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து, போனைக் காதில் அழுத்தியபடி சென்றேன். வழியெல்லாம் விழுந்த மரக்கிளைகள். நாள்தோறும் எழுந்தருள்க என்று வேண்டிய தேவனிடம், அன்று சற்றே திரும்பிப் போ என்று கெஞ்சினேன். அப்படிக் கெஞ்சுவது அபசாரமோ என்ற அச்சம் வேறு.

பாதி வழியில் ஒரு மேகம் வந்தது. உள்ளபடியே என் உயிர் நடுங்கியது அப்போதுதான். போனில் கோபால் கத்துவது கேட்டது: "கூச்சம் நின்றுவிட்டது! வருகிறேன்!" வேண்டாம் என்று நான் அலறினேன், மேகம் எந்த அடியிலும் விலகலாம். என் அலறல் அவரை எட்டியிருக்காது. மாலதி கழியைக் கீழே போடும் ஓசை கேட்டது. பிறகு அவர் குரல், உரக்கவும் இல்லை, அழுகையும் இல்லை: "ஒரு அடி எடுத்து வை, நானும் இறங்குகிறேன். பிறகு வீட்டில் உலை வைக்க ஒருவரும் இருக்கமாட்டோம்."

கரையேறிய பின்

அவர் நின்றார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோதும் நின்றுகொண்டிருந்தார், பேனலை விட்டுவிட்டு, இரு கைகளையும் தலைமேல் வைத்தபடி. பேனல்கள் எல்லாம் வண்ணத் தையல் போட்ட விரிப்புகளால் மூடியிருந்தன. ஒன்று மட்டும் பாதி திறந்திருந்தது, கழியைக் கீழே போட்ட இடத்தில். முருகேசன் அதையும் மூடி, கையுறையும் ரப்பர் பூட்சும் அணிந்து, பேனல்களின் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நீரில் கிடந்த பேனலை உலர்ந்த மூங்கிலால் கவிழ்த்து முகத்தைச் சேற்றில் புதைத்தார். நான் மீட்டரை வைத்துப் பார்த்தேன். நம்பாமல் மறுபடியும் பார்த்தேன். பிறகுதான் வரலாம் என்று கை காட்டினேன். கோபால் கரையேறி, மாலதியின் காலடியில் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நானும் முருகேசனும் குளத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டோம்.

இப்போது சட்டத்தை ஆழமாகக் கான்கிரீட் இட்டு நிறுத்தியிருக்கிறோம். கோபால் அதில் கை வைப்பதில்லை. காலையில் பம்பின் சுவிட்சுப் பெட்டியைத் திறப்பதும், கம்பிகளைக் கண்ணால் சோதிப்பதும், மேகம் வந்தால் அவரைக் குரல் கொடுத்து எட்ட நிறுத்துவதும் மாலதிதான். சென்ற வாரம் போயிருந்தபோது, எல்லாம் சரியாக இருந்தும் நான் ஒவ்வொரு இணைப்பையும் மீண்டும் மீண்டும் தடவிப் பார்ப்பதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். தேநீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்: "இவருக்குப் பயம் வந்துவிட்டது, எனக்கு நிம்மதி. உங்களுக்கு எப்போது போகும் என்று கேட்க நினைத்தேன். வேண்டாம் மேஷோமொஷாய், போகாமலே இருக்கட்டும்."

இத்தொழில் எனக்குக் கற்றுத் தந்ததெல்லாம், விடியலில் வெறுங்கையால் கும்பிடும் தேவனைப் பகலில் கையுறை போட்டுக்கொண்டு அணுகவேண்டும் என்பதுதான்.

இதைப் படித்தவரும் படிக்கக் கேட்டவரும், வேலைக்குப் போன கையும் காலும் குறைவின்றி மாலையில் வீடு திரும்பி, தமக்காக வாசல் பார்த்திருப்பவர் முகத்தில் குங்குமமும் சிரிப்பும் கண்டு, நீடூழி வாழ்வாராக.